கல் வைத்த திராட்சை

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதைக் கேட்டு இன்னும் நான்கு பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போனால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று வரும். மஞ்சளும் ஊதாவும் அடித்திருப்பார்கள். கண்றாவி. அதுதான்.

அதன் தாளாளர் கங்காதரன். அப்பா காலம் வரை நெல் போட்ட குடும்பம். நிலத்தில் பாதியை அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றார். மீதிப் பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் கல்லூரி கட்டினார். பம்மலில் அவருக்கு ஒரு மாம்பழ குடோன் இருந்தது, நன்றாகவும் ஓடியது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் 2003-ல் எவனோ ஒருவன், 'இனிமே பயோடெக்தான் சார்' என்று அவர் காதில் போட்டுவிட்டான். அந்தச் சமயத்தில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் தடுக்கி விழுந்தால் ஒரு பயோடெக் கல்லூரி. இவரும் ஒன்றைத் திறந்தார்.

பயோடெக் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சேர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. நான் கெமிஸ்ட்ரி. ஞானஜோதி, எம்.எஸ்சி., எம்.ஃபில். என் பாடம் எனக்குத் தெரியும், அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கட்டடத்தில் தன் வேலையைத் தெரிந்துவைத்திருந்த இன்னொரு ஆள் திரிபுரசுந்தரி. நான் சொல்லவந்தது அவள் கதைதான்.

திரிபுரசுந்தரி என்பது திருவான்மியூர் அம்மன் பெயர். பெயரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, ஸ்டாஃப் ரூமில் சிலர் முதல் வாரம் அவளிடம் குழைந்தார்கள். அவள் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், சொந்த ஊர் கானத்தூர்க் குப்பம் என்று தெரிந்ததும் இரண்டு டிபன் பாக்ஸ்கள் மேஜையின் மறுகோடிக்கு நகர்ந்தன. படித்த ஜென்மங்கள்! திரிபுரா மறுநாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து மேஜையின் நட்டநடுவில் வைத்தாள்.

"யாருக்காவது வேணுமா?" என்று கேட்டாள்.

நான் மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். உள்ளதைச் சொன்னால், கருவாட்டில் தொடங்கிய சிநேகிதம் அடுத்தவர்களை மட்டம்தட்டி மட்டம்தட்டித்தான் வளர்ந்தது. மத்தியானம் உட்கார்ந்தோமென்றால் தாளாளரில் ஆரம்பித்து ஒருவரையும் விடமாட்டோம். எனக்கு அந்த வேலையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததில்லை.

அவள் கோயம்புத்தூரில் ஆறு வருஷம் திராட்சைக் கொடியின் மரபணுவைக் குடைந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். எங்கள் விளம்பரத்தில் 'அதிநவீன ஆய்வுக்கூடம்' என்று போட்டிருந்ததை நம்பி வந்துவிட்டாள். அந்த அதிநவீன ஆய்வுக்கூடத்தில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் தாளாளரின் இன்சுலினும் இரண்டு பாட்டில் மாம்பழ ஜூஸும் இருந்தன. மைக்ராஸ்கோப் ஏழு. லென்ஸ் உள்ளது மூன்று. வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவள் கம்பம் பக்கம் போய், பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தாள். கல்லூரி முகப்பில் நட்டு, இரும்புக் குழாயில் பந்தல் போட்டுத்தரச் சொன்னாள். கங்காதரன் உடனே சம்மதித்தார். அறிவியல் மீது அவருக்கு இருந்த ஆசையால் இல்லை. பந்தல் நிழலில் கார் நிறுத்தலாமே.

"பழம் எப்படிப் பழுக்குதுன்றதா ஆராய்ச்சி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதுல ஆராய்ச்சி பண்றதுக்கு இன்னா மேடம் கீது? நம்ம குடோன்ல டெய்லி டன் கணக்குல பழுக்குது. ரெண்டு கல்லைப் பொட்டலம் கட்டிப் பொட்டிக்குள்ள போட்டா மறுநாளு மஞ்சக் கலரு. வந்து பாருங்க, நானே சொல்லித் தரேன்."

கல் என்று அவர் சொன்னது கார்பைடு கல்லை. அதை வைத்துப் பழுக்கவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் வருகிற அன்று மட்டும் அவர் குடோனில் வைக்கோல் பரப்பியிருக்கும்.

"மாங்காயைப் பறிச்ச அப்புறமும் அது பழுக்கும் சார்," என்றாள் திரிபுரா. "திராட்சை அப்படி இல்ல. கொடியில இருந்து அறுத்துட்டா அதோட சரி. அதுக்கு மேல அது பழுக்காது. மாங்காய்க்கு இருக்கற வழி திராட்சைக்குக் கிடையாது."

"பழம்னா பழந்தான மேடம்," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

எனக்கு அவள் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். திராட்சைக் காய் முதல் ஒன்றரை மாதம் கெட்டியாக, பச்சையாக, வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருக்கும். அப்புறம் சில நாட்களுக்குள் எல்லாம் மாறிவிடும். தோல் இளகும், புளிப்பு இறங்கும், சர்க்கரை ஏறும், கறுப்பு நிறம் வரும். நாலும் சேர்ந்து நடப்பதால் நாலும் ஒரே காரியம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உத்தரவு போகிறது என்பது அவள் கட்சி.

"எல்லா லைட்டும் எரியற வீட்டுல எந்த சுவிட்ச் எதுக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்ப ஜோதி? ஏதாவது ஒண்ணு எரியாம இருக்கணும். அப்பதான் தேட முடியும்," என்பாள்.

2005 மே மாதம் அந்த ஒன்று அவளுக்குக் கிடைத்தது. கொடி முதல் தடவையாகக் காய்த்திருந்தது. எல்லாக் குலையும் கறுத்துப் பத்து நாளாகிவிட்டது. பந்தலின் வலது ஓரத்தில் ஒரே ஒரு கிளையில் மட்டும் இரண்டு குலை பச்சையாகவே தொங்கின. காய்தானே என்று ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். புளிக்கப் போகிறது என்று முகத்தைச் சுளிக்கத் தயாராக இருந்தேன். அத்தனை தித்திப்பு! அதே வேர், அதே தண்ணீர், அதே வெயில். அந்தக் கிளையில் மட்டும் பழம் இளகுகிறது, இனிக்கிறது, நிறம் மட்டும் வருவதில்லை. கோடியில் ஒரு கொடியில் தானாக நடக்கிற பிசகு. அது கங்காதரன் கார் நிறுத்துகிற பந்தலில் வந்து நடந்திருக்கிறது.

திரிபுரா அன்று சாப்பிடவில்லை. பந்தலுக்கும் லேபுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "என்னைக் கிள்ளு ஜோதி," என்றாள். கிள்ளினேன். "இன்னும் கொஞ்சம் பலமா," என்றாள்.

ஆனால் ஒரு கிளையைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. அதிலிருந்து குச்சி வெட்டி நட்டு, தனிக்கொடிகளாக வளர்த்து, அவற்றிலும் பழம் பச்சையாகவே இனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நவம்பரில் கொடியைக் கழித்துக் கவாத்து செய்தபோது அந்தக் கிளையிலிருந்து எட்டுக் குச்சிகள் வெட்டினாள். கல்லூரி போர் தண்ணீர் உப்பு என்பதால் பைகளில் நட்டு, முடிச்சூரில் தன் வாடகை வீட்டு வாசலில் வைத்தாள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு போகிற வழியில் மனை போட்டு விற்றவன் எல்லாம் மாடியில் சௌகரியமாக இருந்தான். இவள் இரண்டாம் நாள் படகில் வெளியே வந்தாள். எட்டுப் பைகளும் அடையாற்றோடு போய்விட்டன.

மிஞ்சியது பந்தலில் விட்டுவைத்திருந்த ஒரு சாண் அடிக்குச்சி. அதிலிருந்து புதுத்தளிர் ஓடி, மூன்று குலை பிடித்தது. தண்டு பச்சையாக இருக்கும்போது வெட்டினால் வேர் பிடிக்காது, பழுப்பாக முற்ற வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் குலைகள் பச்சையாகவே இனிக்க ஆரம்பித்தன. தண்டு முற்ற இன்னும் பத்து நாள் என்றாள். கோயம்புத்தூரில் அவளுடைய பழைய பேராசிரியர் தன் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொல்லி, நேரில் வந்து பேசச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பினாள்.

"திங்கக்கிழமை காலையில வந்துடுவேன். அதுவரைக்கும் நீ பார்த்துக்கோ ஜோதி. யாரையும் கை வைக்க விடாத. அந்தக் கிளை போச்சுன்னா நான் மறுபடியும் பூஜ்யம்," என்றாள்.

"நீ நிம்மதியாப் போய்ட்டு வா. இங்க இருக்கற முட்டாளுங்க கிட்டேர்ந்து நான் காப்பாத்தறேன்," என்றேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் எம்.எஸ்சி. வகுப்புக்கு அனுமதி தருவதற்காக ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை கல்லூரி கல்யாண வீடு மாதிரி அமளிப்பட்டது. பூந்தொட்டிக்குக் காவி அடித்தார்கள். யாரிடமோ மைக்ராஸ்கோப் இரவல் வாங்கி வந்தார்கள். எங்கள் நூலக முத்திரையை அடுத்தவர் புத்தகங்களில் குத்தினார்கள். கங்காதரன் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். அப்போது அவர் கண்ணில் பந்தலின் வலது ஓரம் பட்டிருக்கிறது. இதெல்லாம் வாசல் பெருக்குகிற செல்லியம்மாள் பிறகு சொன்னது.

"இன்னாமே, இது மட்டும் இன்னும் காயா கீது?" என்று கேட்டாராம்.

"அது அப்டித்தானாம் சாமி. அந்தம்மா சொல்லிச்சு."

"இன்னா அப்டித்தான்? பழம் பழுக்கிற ஆராய்ச்சின்னு போர்டு வச்சிகினு வாசல்லயே காய் தொங்குனா, வர்றவன் சிரிக்க மாட்டான்? மானம் பூடும்."

அதற்கு அப்புறம் நேரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒரு டவுட்டு. கல்லு வச்சா எந்தக் காயும் பழுத்துரும் இல்ல?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வருஷாவருஷம் மாங்காயைக் கல்லில் பழுக்கவைத்து விற்கிற ஆளுக்கு மாங்காய்ப் பருவத்தில் இப்படி ஒரு சந்தேகம்! எந்தக் காய்க்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கவில்லை. இந்த மனிதரிடம் பேச்சை வளர்ப்பதே கேவலம் என்று இருந்தது எனக்கு.

"கார்பைடுல ஈரம் பட்டா அசிட்டிலின் வரும் சார். அதுக்கு முன்னாடி எந்தக் காயும் நிக்காது," என்றேன்.

"அப்ப பேஜார் இல்ல. தேங்ஸ் மேடம்," என்று போய்விட்டார்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, லீவு. சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சனிக்கிழமை தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு டி.வி. பார்த்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனபோது பந்தலடியில் பூண்டு வாடை அடித்தது. கார்பைடு வாடை. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அண்ணாந்து பார்த்தேன். வலது ஓரத்தில் கிளை இருந்த இடத்தில் புதிதாக வெட்டிய வெள்ளைத் தழும்பு இருந்தது. வெள்ளிக்கிழமை நான் சொன்ன பதில் அப்படியே காதில் கேட்டது.

"வெள்ளிக்கிழமை சாய்ங்காலம் குடோன் ஆளுங்க வந்தாங்கம்மா," என்றாள் செல்லியம்மாள். "அந்தக் கிளையைத் தார்ப்பாய்ல சுத்தி, உள்ள கல்லுப் பொட்டலம் வச்சு, தண்ணி தெளிச்சுக் கட்டிட்டுப் போனாங்க. நேத்து வந்து பிரிச்சா இலை பூரா கொட்டிப் போச்சு. கொலையும் உதிந்து பூட்ச்சு. தண்டு கருகிகினு கெடக்குது. மொட்டையா அசிங்கமா கீது, அடியோட வெட்டுமேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

வெட்டிய இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று மண்டியிலிருந்து கறுப்புத் திராட்சை வாங்கிவந்து, பூக்கட்டுகிற நூலால் பந்தல் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முடிச்சுகூடச் சரியாகப் போடத் தெரியவில்லை. தூரத்திலிருந்தே நூல் தெரிந்தது.

திரிபுரா ஒன்பதரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் பயணப்பை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஜோதி, ஒத்துக்கிட்டாருடி! அடுத்த வாரமே எடுத்துட்டு வான்னு..." என்று சொல்லிக்கொண்டே பந்தலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு?" என்றாள்.

"அவருதான். காயா இருக்குன்னு கல்லு வச்சுட்டாராம்," என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்லை.

அவள் அழவில்லை. பின்பக்கம் குப்பைமேட்டுக்குப் போனாள். கிளை காய்ந்த சருகுக்கு அடியில் கிடந்தது. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. ஒரு விரற்கடை தள்ளிக் கீறினாள். அடி வரைக்கும் அப்படியே கீறிக்கொண்டு போனாள். ஓரிடத்திலும் பச்சை இல்லை. உதிர்ந்து கிடந்த பழங்களில் நசுங்காத ஏழெட்டைப் பொறுக்கி, குழாயடியில் பலமுறை கழுவி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். நான் பின்னாலேயே நடந்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் திறந்துவிட்ட குழாயை மூடினேன்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். பொன்னாடை, இளநீர், போட்டோ. கங்காதரன் அவர்களைப் பந்தலடிக்குக் கூட்டிவந்து, "இதான் சார் நம்ம ஆராய்ச்சி. மேடம்தான் பண்றாங்க. எல்லாம் பழுத்தாச்சு," என்றார்.

தலைவராக வந்தவர் அண்ணாந்து பார்த்து, "பேஷ், பேஷ்," என்றார்.

"சார், இந்தப் பக்கம் இருக்கறது எல்லாம் நூல்ல கட்டினது," என்றாள் திரிபுரா. தெளிவாக, சத்தமாகத்தான் சொன்னாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நூலைப் பார்த்தார். "டெக்கரேஷன் நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா," என்றார். பிறகு கங்காதரனிடம் திரும்பி, பெண்களுக்குக் கழிவறை எத்தனை என்று கேட்டார். இவர்தான் தாவரவியல் பேராசிரியராம். பக்கத்தில் இருந்தவர் நூலில் கட்டிய குலையிலிருந்து இரண்டு பழம் பிய்த்துத் தின்றுகொண்டே மாடி ஏறினார். தூ!

மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். கங்காதரன் வாயெல்லாம் பல்லாகப் பந்தலடிக்கு வந்தார். திரிபுரா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நானும் நின்றேன்.

"மேடம், அனுமதி கெடைச்ச மாரிதான். உங்க கொடி ராசி," என்றார்.

அவள் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள். "சாப்பிடுங்க சார்."

வதங்கிய பச்சைத் திராட்சை. இந்தக் காயையா என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். புருவம் மேலே போயிற்று.

"இன்னா மேடம் இது, இவ்ளோ தித்திப்பா கீது?"

"ஆமா சார்."

இன்னொன்று எடுத்து மென்றார். யோசித்தார். அந்த மனிதர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப ஏன் மேடம் பழுக்கல?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கன்னத்தில் ஒன்று விடலாமா என்றும் வந்தது. வழக்கம்போல, 'பாத்தியா இந்த ஆளை' என்று திரிபுராவிடம் கண்ணால் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கல்லு வைக்கலாம்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்று கேட்டாள்.

"நானா ஒண்ணும் செய்யல மேடம். நமக்குத் தெரிஞ்சது மாங்காதான். திராட்சைக்கு ஆவுமோ ஆவாதோன்னு ஒரு பயம். அதான் கெமிஸ்ட்ரி மேடத்தாண்ட போய்க் கேட்டுகினேன். படிச்சவங்களாச்சே. எந்தக் காயும் நிக்காதுன்னு அவங்கதான் சொன்னாங்க." என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். "இல்ல மேடம்?"

எனக்கு முகம் எரிந்தது. அந்தக் கல்லூரியில் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப்போய்க் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"எந்தக் காய்னு நான் கேக்கல திரிபுரா. மாங்காய்னு நினைச்சுட்டேன். சத்தியமா..." என்றேன்.

அவள் கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. மூன்று வருஷமாக மத்தியான வேளைகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மற்ற எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரவால்ல மேடம்," என்றாள். "நீங்க கிளம்புங்க. பஸ் போயிடும்."